எல்லையோரத்தில் அடித்தளம்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மருமகளும் வந்துவிட்டாள். சமையலறையில் இருவர் நிற்க இடமில்லை. பின்புறம் பத்தடி நிலம் சும்மா கிடக்கிறது, அதில் ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று நாம் நினைக்கிறோம். ஓடு எப்படி, தரைக்கல் என்ன நிறம் என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடக்கும். மண்ணுக்குள் போவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தாமானில் இப்படித்தான் நடந்தது. குத்தகையாளர் ஒரு மாலைப் பொழுதில், எல்லை நெடுகிலும் ஒரே மூச்சாகக் குழி வெட்டிவிட்டுப் போய்விட்டார். இரவில் நல்ல மழை. காலையில் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து நின்று, "தம்பி, எங்கள் குளியலறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது" என்றார். கதவில் ஒரு பழுதும் இல்லை. சுவர்தான் இறங்கியிருந்தது.

ஏன் இறங்கியது? ஒரு வீட்டின் பாரம் சுவருக்கு நேர் கீழே மட்டும் போவதில்லை. கடைக்காலின் அடியிலிருந்து பக்கவாட்டிலும் பரவிக்கொண்டே இறங்குகிறது. எல்லைக்கோடு மேலே நம்மைப் பிரித்தாலும், அடியில் அவர் வீட்டைத் தாங்குவதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. பொறியியலாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு நம் பக்கம் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் குழி அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. அவருடைய கடைக்காலைவிட மூன்றடி ஆழம் போவதானால் மூன்றடியாவது தள்ளியிருக்க வேண்டும். கிள்ளான், பட்டர்வொர்த் போன்ற கடலோர ஊர்களின் மென்மையான களிமண்ணில் இதுவும் போதாது.

வரிசை வீட்டில் மூன்றடி தள்ளிப்போக இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்கே குழியைத் துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். மூன்று அல்லது நான்கடி நீளம் வெட்டி, காங்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த துண்டு. அதுவும் ஒட்டினாற்போல் அல்ல, இடைவெளி விட்டு. குழியில் தண்ணீர் ஊறினால் பம்பு வைத்து இரவும் பகலும் இறைத்துத் தள்ளுவதும் ஆபத்து. அண்டை நிலத்தின் ஈரமும் சேர்ந்து வடிய, அங்கே மண் அமுங்கும்.

இன்னொரு சிக்கல் நம் தூணைப் பற்றியது. தூண் எல்லையை ஒட்டி நின்றால், அதன் பாதத்தை அடுத்தவர் நிலத்தில் நீட்ட முடியாது. பாரம் பாதத்தின் ஓரத்தில் விழும். பாதம் ஒருபக்கமாகச் சாயப் பார்க்கும். பெஞ்சின் ஒரு முனையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் மறுமுனை தூக்குமல்லவா? மறுமுனையிலும் ஒருவரை உட்கார வைத்தால் பெஞ்சு அசையாது. அதேபோல், எல்லைத் தூணின் பாதத்தையும் உள்ளே இருக்கும் தூணின் பாதத்தையும் ஒரு கெட்டியான உத்திரத்தால் இணைத்துவிடுவார்கள். அதன் கனத்தையும் கம்பியையும் கணக்கிடுவது பொறியியலாளரின் வேலை. குத்தகையாளரின் கைப்பழக்கத்தை நம்பிச் செய்வதன்று.

சட்டமும் பேசாமல் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, ஒருவருடைய நிலத்தை அதன் இயல்பான நிலையில் அண்டை நிலம் தாங்க வேண்டும் என்ற உரிமையை வழங்குகிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதியின்றிக் கட்டவும் கூடாது. சிங்கப்பூரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஒரு படி மேலே போனது. மண்ணுக்கு மட்டுமல்ல, அதன்மேல் எழுந்த கட்டடத்துக்கும் அந்த உரிமை உண்டு. இருபது ஆண்டு பழக்கம் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

வேலை தொடங்குமுன் இரண்டு காரியம் செய்துகொள்வோம். வேலியை நம்பாமல், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைக் கண்டுகொள்வோம்; வேலி இடம் மாறியிருக்கக்கூடும். பிறகு, அண்டை வீட்டாரின் அனுமதியோடு அவர் சுவர்களில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைத் தேதியிட்டுப் படம் எடுத்து, ஒரு படியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். மழைக்காலம் கழிந்த பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.