ஸ்பெஷல் தவில்

(சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாட்களில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இசைக் கலைஞனை வளர்ப்பது நிலையான வேலையா? வந்துபோகும் அழைப்பா?’ ‘அழைப்பே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! சம்பளத் தேதியைக் கையிலே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! தபசு பார்க்க வந்த இடத்திலே எங்களையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று பெரிய மனது பண்ணி உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

இந்த ஊரிலே பட்டிமன்றம் பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. காரணம், இந்த ஊர்ச் சாமி. வலப்பக்கம் சங்கரன், இடப்பக்கம் நாராயணன். இரண்டு கட்சிக்காரர்களும் ‘எங்க ஆள்தான் பெரியவர்’ என்று வழக்கடித்தபோது, கோமதி அம்மன் ஒற்றைக் காலிலே தபசு நின்று, ‘ரெண்டும் ஒண்ணுதாம்லே, போங்க’ என்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்த ஊர் இது. நம்ம நடுவர் ஐயாவும் அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவாரோ என்பதுதான் என் பயம்! (சிரிப்பு)

எதிரணியிலே பேசிய அம்மா என்ன சொன்னார்கள்? ‘கோயிலிலே தவில் வித்துவான் என்று பணியிடம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளியிலே ஆசிரியர் வேலை இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் வரும்படி. இதை விட்டுவிட்டு, எவன் கூப்பிடுவான் என்று வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு பிழைப்பா?’ என்று கேட்டார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். நானே தட்டினேன். நானும் மாதச் சம்பளக்காரன்தானே! (சிரிப்பு)

ஆனால் தலைப்பிலே ‘வாழவைப்பது’ என்ற சொல் இல்லை அம்மா. ‘வளர்ப்பது’ என்று இருக்கிறது. பயிரை வாழவைக்கக் குடத்துத் தண்ணீர் போதும். வளரணும் என்றால் வெயிலும் வேண்டும். என் வாதம் அந்த வெயிலைப் பற்றியது.

உங்களில் பலருக்கு ‘ஸ்பெஷல் தவில்’ என்ற சொல் தெரியும். கல்யாண வீட்டுக் காரர்களுக்குக் கட்டாயம் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு நாதஸ்வர செட் என்றால் அதிலே தவிலும் சேர்ந்தேதான் வரும். நாதஸ்வரக்காரர் எங்கே போகிறாரோ அங்கே அவரும் போவார். ஆனால் ரசனை உள்ள ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? நாதஸ்வரம் இவர் வாசிக்கட்டும், தவிலுக்குத் தனியாக இன்னொரு வித்துவானைக் கூப்பிடுவோம் என்று, அவருக்குத் தனியாக அச்சாரம் கொடுத்து, தனியாக வரவழைப்பார்கள். நோட்டீசிலேயும் அவர் பேரைத் தனியாகப் போடுவார்கள். அவர்தான் ஸ்பெஷல் தவில். எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லாதவர். எந்தக் குழுவோடும் வாசிக்கக்கூடியவர்.

அது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ஐயா, ஒத்திகை கிடையாது! சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிறார். எட்டரை மணிக்கு மேடை. நாதஸ்வரக்காரர் என்ன கீர்த்தனை எடுப்பார், எந்த இடத்திலே பல்லவியை மடக்குவார், ஒன்றும் தெரியாது. காதை மட்டும் நம்பி உட்கார வேண்டும். அந்த மனிதர் மூச்சை இழுக்கிற இழுப்பிலேயே அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று இவருக்குத் தெரியவேண்டும். பக்கத்திலே செட் தவில்காரர் வேறு, ‘பெரிய ஸ்பெஷல்! வாசிக்கட்டும் பார்ப்போம்’ என்று ஓரக்கண்ணாலே பார்த்துக்கொண்டு இருப்பார். (சிரிப்பு) ஒரே ஆளோடு இருபது வருஷம் வாசிக்கிறவனுக்கு அந்த ஆளுடைய பழக்கம் மனப்பாடம். இருபது வருஷத்திலே இருநூறு பேரோடு வாசிக்கிறவனுக்குத்தான் இசையே மனப்பாடமாகும்.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை என்று தவிலிலே பேர் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். தவிலைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933-ல் பிறந்து 1975-லேயே மறைந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது முடியவில்லை. அதற்குள் கடல் தாண்டி வந்து, இங்கே இருந்த நாதஸ்வர மேதைகளோடு உட்கார்ந்து வாசித்து, இரண்டு கரையிலும் பேர் வாங்கினார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. வலையப்பட்டி சுப்பிரமணியம் என்ன செய்தார்? நாதஸ்வரத்தை விட்டே வெளியே வந்தார். குன்னக்குடி வைத்தியநாதனுடைய வயலினுக்குப் பக்கத்திலே தவிலைக் கொண்டுபோய் வைத்தார். வயலின் எங்கே, தவில் எங்கே! கொசுவுக்குப் பக்கத்திலே யானையை உட்காரவைத்த மாதிரி என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. அப்புறம் கச்சேரி கிடைக்காமல் அலைந்தவர்கள் அந்தச் சிரித்தவர்கள்தான். (கைதட்டல்) ‘நீ இந்தக் குழுவின் ஆள், இதற்கு மட்டும் வாசி’ என்று கட்டிப் போட்டிருந்தால் அந்த ஜோடி உருவாகியிருக்குமா?

இதெல்லாம் நேற்று வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நான் தமிழ் வாத்தியார். சங்கத்துக்குப் போகாமல் இறங்கமாட்டேன். நடுவர் மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும். பத்துப்பாட்டிலே பத்து நூல். அதிலே ஐந்து ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையைப் பக்திக்கு ஒதுக்கிவிட்டால் பாக்கி நான்கும் என்ன? பொருநன், பாணன், கூத்தன் இவர்களுக்கு வழி சொல்கிற நூல்கள். பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்த்து, ‘இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இப்படி வாசி, கொடுப்பார்’ என்கிறான். எந்த ஆபீசிலேயாவது ‘என் நாற்காலி இங்கே இருக்கிறது, வந்து உட்கார்’ என்று ஒருத்தன் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? (சிரிப்பு) வேலை தேடுகிறவன் போட்டியாளன். அழைப்பில் வாழ்கிறவன் வழிகாட்டி.

அதே மலைபடுகடாத்திலே ‘கலப்பை’ என்று ஒரு சொல். உழுகிற கலப்பை இல்லை. வாத்தியங்களைப் போட்டுக் கட்டித் தூக்கிப்போகிற பைக்குப் பேர் கலப்பை! இன்றைக்கும் நம்ம தவில்காரர் உறை போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாரே, அது இரண்டாயிரம் வருஷத்துச் சங்கிலி. கண்டக்டர் மட்டும் ‘லக்கேஜ் போடணும்’ என்கிறார். (சிரிப்பு, கைதட்டல்)

சரி, எதிரணித் தம்பி ஒரு குண்டு போட்டார். ‘கூப்பிட்டால் போய் வாசிக்கிறவனுக்குப் பேர் நிற்குமா?’ என்றார். நியாயமான கேள்வி. தில்லானா மோகனாம்பாள் படத்திலே, 1968-ல், நாதஸ்வரம் யாருடையது என்று கேட்டால் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று பாதிப் பேர் சொல்லிவிடுவீர்கள். தவில்? பாலையா என்பீர்கள்! (சிரிப்பு) பாலையா நடித்தார் ஐயா. அடித்தவர் வேறு.

அமெரிக்காவிலே ஹால் பிளெய்ன் என்று ஒரு டிரம்மர் இருந்தார். 1929-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களிலே அன்றன்றைக்குக் கூப்பிட்டால் போய் வாசித்துவிட்டு வருவார். எந்தெந்தப் பிரபலக் குழுவின் பாட்டு என்று ஊர் நினைத்ததோ, அதில் ஏகப்பட்டதிலே கை இவருடையது. இசைத்தட்டு அட்டையிலே பெரும்பாலும் பேர் இருக்காது. மனிதர் பார்த்தார், தன் பேரிலே ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். வாசித்த தாளிலே ‘பிளெய்ன் மறுபடியும் அடிச்சாச்சு’ என்கிற மாதிரி ஒரு முத்திரை! 2000-ல் அவர்களுடைய பெரிய இசைக் கௌரவப் பட்டியலிலே, பக்கவாத்தியக்காரர் என்ற பிரிவிலேயே பேர் ஏறியது.

இன்னொருத்தர், கிளைடு ஸ்டப்பிள்ஃபீல்டு. இவர் கூப்பிட்டால் போகிறவர் இல்லை. ஜேம்ஸ் பிரவுன் என்ற பெரும் பாடகருடைய குழுவிலே நிரந்தரமாக இருந்தவர். 1970-ல் வந்த ஒரு இசைத்தட்டிலே அவர் வாசித்த சில விநாடித் தாளத்தை, பின்னாலே வந்தவர்கள் வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாட்டிலே ஒட்டிக்கொண்டார்கள். பாட்டு முதலாளி பேரிலே. வாசித்த கைக்கு உரிமை இல்லை. ஆகவே பேர் நிற்பது வேலையைப் பொறுத்ததா, உரிமையை எழுதி வைப்பதைப் பொறுத்ததா என்று எதிரணி யோசித்துச் சொல்லட்டும். சென்னையிலே எம்.பி.சீனிவாசன், கால்ஷீட்டுக்குப் போகிற திரைப்பட இசைக் கலைஞர்களை ஒன்று சேர்த்துச் சங்கம் கண்டார். ‘அழைப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. அழைப்புக்கே முதுகெலும்பு வைத்தார். (கைதட்டல்)

இப்போது எனக்குக் கஷ்டமான இடம். ‘2020-ஐ மறந்துவிட்டீர்களா?’ என்று அந்த அம்மா கேட்டார்கள். மறக்கவில்லை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இந்த வட்டாரத்துப் பையன். அப்பா நையாண்டி மேளத்திலே தவில். கொடை விழா, கரகாட்டம் என்று விடிய விடிய வாசிக்கிற குடும்பம். பையனும் வாசிப்பான். இந்த ஊரிலே விசைத்தறிச் சத்தம் கேட்குமே, அதை வைத்துத் தகதகிட, தகதகிட என்று தொடையிலே தட்டிக்கொண்டுதான் வகுப்பிலே உட்கார்ந்திருப்பான். எனக்கு இலக்கணம் பாதி அந்தச் சத்தத்திலே போகும். படிப்பு முடிந்தது, ஒரு குமாஸ்தா வேலையும் கிடைத்தது. அதே மாதம் ஒரு பெரிய நாதஸ்வரக்காரர் ‘என்னோடு நாலு கச்சேரி வா, பார்க்கலாம்’ என்று கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் ஓடி வந்தான். “சார், வேலையை விட்டுரட்டுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு இந்த மேடையிலே எதிரணி சொல்கிற அத்தனையும் சொன்னேன். புரட்டாசியிலே கல்யாணம் இல்லை, மார்கழியிலே இல்லை, ஆடியிலே இல்லை. கை சுளுக்கினால் அடுப்பு எரியாது. “விடாதல” என்றேன்.

அந்த நாலு கச்சேரிக்கும் அவனுடைய கூட்டாளி போனான். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்.

2020 பங்குனி, சித்திரை. நாடே கதவைச் சாத்தியது. கொடை இல்லை, தேர் இல்லை, கல்யாணத்துக்கு ஐம்பது பேர். என் மாணவன் போன் செய்தான். “சார், நல்லவேளை அன்னைக்கு நீங்க சொன்னீங்க.” எனக்கும் பெருமையாக இருந்தது. கூட்டாளியின் தவில் அடகுக் கடைக்குப் போய்விட்டதாம். இவன்தான் சம்பளத்திலே அரிசி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அம்மா, இது உங்கள் பக்கத்துக்கு முழு மதிப்பெண். நான் கழிக்கமாட்டேன்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. தவில் கையிலே இல்லாத அந்த ஏழெட்டு மாதமும் கூட்டாளி என்ன செய்தான்? பலகையிலே வாசித்தான். மைதா மாவிலே பசை காய்ச்சி, துணியை விரலிலே சுற்றிச் சுற்றிப் பழைய மாதிரி கூடு கட்டி, காயவைத்து மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பலகையிலே சாதகம். பக்கத்து வீட்டிலே சண்டைக்கு வந்தார்களாம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாதவன் எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். ஊர் திறந்தது, அச்சாரமும் வந்தது, தவிலை மீட்டான். இப்போது நோட்டீசிலே ஸ்பெஷல் தவில் என்று அவன் பேர் வருகிறது.

என் மாணவனுக்கு என்ன குறை? வீடு கட்டிவிட்டான், பிள்ளைகள் படிக்கின்றன. சென்ற வருஷம் அவன் மாமன் மகள் கல்யாணத்திலே, கூட்டாளியே தவிலை இவன் மடியிலே வைத்து, “கொஞ்சம் வாசி மாப்ளே” என்றிருக்கிறான். இவன் நாலு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு நிறுத்திவிட்டான். காலத்திலே அடி விழவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். என்னிடம் வந்துதான் சொன்னான். “கை போயிட்டு சார்.”

எதிரணியில் கணக்குப் பார்க்கிறவர்கள் சம்பளம், வரும்படி எல்லாம் கூட்டினீர்கள். அந்தக் கையை எந்தப் பத்தியிலே எழுதுவீர்கள்? (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா. இன்றைக்கு மத்தியானம் இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் நேரே அவன் வீட்டுக்குத்தான் போனேன். சாப்பாடு போட்டான். பீரோவுக்கு மேலே பழைய வேட்டி சுற்றி ஒன்று இருந்தது. “இறக்குல” என்றேன். “தோல் தளர்ந்து கெடக்கும் சார்” என்றான். “முறுக்கினால் ஏறாதா?” என்றேன். இந்தக் காலத்துத் தவிலுக்கு வாரை இழுத்துக் கட்டுகிற வேலை இல்லை, நட்டு, போல்ட்டு. அவன் வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசாமல் ஸ்டூலை எடுத்துப் போட்டது. இறக்கினான். தூசியைத் துடைத்தான். நான் பட்டிமன்றத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பும்போது, ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான்.