மேன்முறையீடு கேட்கப்படாத தீர்ப்பு

(சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



குற்றம் புரிந்தவனைத் திருத்த முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று விடை கூறுவோர் நம்மிடையே பலர். பட்டியிலிருந்த ஆட்டைக் களவு கொடுத்த கமக்காரர் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆயின், அதே விடை ஆராய்ச்சியின் பெயராற் கூறப்பட்டு, ஒரு பெரிய நாட்டின் சட்டத்தையே மாற்றிய வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில், நியூ யோர்க் மாநில ஆளுநர் 1966 இல் அமைத்த குழுவொன்று, குற்றவாளிகளைத் திருத்தும் முறைகளுள் எவை பயன் தருவன என்று அறிய விரும்பியது. அப்பணியில் ஈடுபட்ட றொபேட் மாட்டின்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய தோழர் இருவரும், 1945 முதல் 1967 வரையுள்ள 231 ஆய்வுகளைத் துருவிப் பார்த்தனர். கண்ட முடிவு அரசாங்கத்துக்கு உவப்பாயில்லை. அறிக்கை வெளிவராது கிடந்தது. வழக்கொன்றிற் சான்றாகத் தேவையென்று நியாயவாதி ஒருவர் நீதிமன்றக் கட்டளை பெற்ற பின்னரே அது வெளிச்சத்துக்கு வந்தது. எம் தொழிலாராலும் சில வேளைகளில் நன்மை விளைகிறது போலும்!

சில விலக்குகள் தவிர, திருத்தும் முயற்சிகள் மீண்டும் குற்றம் புரிதலைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என மாட்டின்சன் 1974 இல் எழுதினார். மக்கள் செவியில் விழுந்ததோ, “எதுவும் பயன் தராது” என்பது மட்டுமே. அப்படியாயின் பணத்தை ஏன் விரயஞ் செய்வான் என்றனர் ஒரு சாரார். திருந்தும் வரை என்று சொல்லி மனிதனைக் காலவரையின்றி அடைத்து வைத்தல் அநீதி என்றனர் மறு சாரார். நோக்கம் வேறாயினும் இருவரும் மூடியது ஒரே கதவைத்தான். 1984 ஆம் ஆண்டின் சட்டம், மறியல் மனிதனைத் திருத்துதற்குரிய வழியன்று என்று கூறி, மத்திய சிறைகளில் நிபந்தனையுடன் முன்னதாக விடுதலை செய்யும் முறையை ஒழித்தது. 1989 இல் உயர் நீதிமன்றமும் தண்டனை பற்றிய அச்சட்டத்தின் ஏற்பாடுகளைச் செல்லுபடியாக்கியது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1979 இல், அதே மாட்டின்சன் சட்டக் கல்லூரிச் சஞ்சிகையொன்றில் தமது கூற்றை மீளப் பெற்றுக்கொண்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சில முறைகள் பயன் தருகின்றன, சில தீங்கு செய்கின்றன, எந்நிலையிற் செய்யப்படுகிறது என்பதே முக்கியம் என்று அவர் எழுதினார். அதனைப் படித்தவர் சிலரே. வழக்காளி வழக்கை மீளப் பெற்ற பின்னரும் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றம் எங்கேனும் உண்டோ?

கனடாவின் உளநூலார் டொன் அன்ட்றூஸ், ஜேம்ஸ் பொன்டா முதலியோர் 1990 இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலை அவிழ்த்தது. மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு மிக்கவனுக்கே கூடிய கவனிப்புத் தேவை. வாய்ப்புக் குறைந்தவனைக் கடுங்குற்றவாளிகளோடு சேர்த்துத் தீவிர பயிற்சிக்கு உட்படுத்தினால், அவன் கெட்டுப்போகவும் கூடும். நீர் தேங்கி நிற்கும் வயலுக்கு மேலும் நீர் பாய்ச்சுவதை எந்தக் கமக்காரரும் ஒப்பார். அடுத்து, மாற்ற வேண்டியவை எவை? குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணம், தீய கூட்டு, குடி, தொழிலின்மை, குடும்பப் பிணக்கு ஆகியவை. வெறுமனே அவனது தன்மதிப்பை உயர்த்திவிட்டால், தன்மதிப்பு மிக்க கள்வன் ஒருவனே கிடைப்பான்! போதிக்கும் முறையும் அவன் கற்கும் திறனுக்கு ஏற்றதாதல் வேண்டும். இவ்வாறு செய்தால் எல்லோரும் திருந்துவர் என்று அவர்கள் கூறவில்லை. மீண்டும் குற்றம் புரிவோர் தொகை குறைகிறது, அக்குறைவும் மிதமானதே. ஆனால் அந்தக் குறைவினால் தப்பியவை நம்மைப் போன்றோரின் வீடுகளும் உடைமைகளும் அல்லவா?

அச்சுறுத்தினாற் போதும் என்போருக்கும் ஒரு சொல். நியூ ஜேர்சியின் றாவே சிறையில், இளைஞரை உள்ளே அழைத்து ஆயுட்கைதிகளைக் கொண்டு வெருட்டும் முறை எழுபதுகளிற் கையாளப்பட்டது. அதைப் பற்றி 1978 இல் எடுத்த படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. பின்னர் இத்தகைய முயற்சிகளைச் சோதித்தவர் கண்டதோ, வெருட்டப்பட்டோர் வெருட்டப்படாதோரிலும் கூடுதலாகக் குற்றம் புரிந்தனர் என்பதே.

இலங்கையில் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944 இலேயே வந்துவிட்டது. ஆகவே சட்டத்தரணிகளை ஒன்று கேட்கிறோம். முதன்முறை குற்றவாளியாகக் காணப்பட்டு நிற்கும் இளைஞனுக்காக, “மன்னிப்பு வழங்குக” என்று மன்றாடுவதோடு நில்லாது, அவனது வீடு, தொழில், கூட்டு ஆகியவை பற்றி நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையை அழைக்குமாறு நீதவானிடம் விண்ணப்பியுங்கள். தவணை ஒன்று தள்ளிப் போகும், கட்சிக்காரர் முணுமுணுப்பார். ஆடு களவு போனவரும் அன்று மன்றிலே இருப்பார்; தாமதத்தின் காரணத்தை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.