விடுதலை தேடும் ஊரில் விடுதலை பெற்றோர்

(பங்கு ஜூபிலி ஆயத்த நாட்களில் ஆற்றிய உரை)



விடுதலை தேடி உலகமே வந்து சேரும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். நினைத்தாலே முக்தி தரும் தலம் என்று நம் இந்து சகோதரர்கள் திருவண்ணாமலையைப் போற்றுகிறார்கள். 1896-ஆம் ஆண்டு பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மதுரையிலிருந்து வீட்டை விட்டு இங்கு வந்தான். பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவனைத்தான். 1949-இல் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கக் குருக்களான மொன்ஷனேனும் லெ சோவும் அவரைக் காண இம்மலையடிவாரத்திற்கு வந்தனர். இன்றும் ஒவ்வொரு பௌர்ணமியிலும் இலட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கின்றனர். அவர்கள் மனத்தில் இருப்பதெல்லாம் ஒன்றே: ஏதோ ஒரு கட்டிலிருந்து விடுபட வேண்டும்.

இத்தகைய ஊரில் வாழும் கிறிஸ்தவர்களாகிய நம்மைப் பார்த்து ஒருவர், "நீங்கள் கிறிஸ்துவால் விடுதலை பெற்றவர்கள் என்கிறீர்களே, அந்த விடுதலை எங்கே? அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வோம்? ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் இக்கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கொம்பு ஊதிய ஆண்டு

ஜூபிலி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை எவை? கொடியேற்றம், தேர்பவனி, மின்விளக்கு அலங்காரம், ஆயர் தலைமையில் ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி, அன்பு விருந்து. இவை வேண்டும், இறைவனுக்கு நன்றி சொல்லும் உள்ளம் மகிழ்ச்சியை மறைத்துக்கொள்ளாது. ஆனால் மோயீசன் காலத்து ஜூபிலி இவற்றோடு நிற்கவில்லை.

'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது பொருள். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, ஐம்பதாம் ஆண்டில் பாவப் பரிகார நாளன்று நாடெங்கும் அக்கொம்பு ஊதப்படும். ஊதியவுடன் நடக்க வேண்டியவை லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் சொல்லப்பட்டுள்ளன. வறுமையால் விற்ற நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்ட இஸ்ராயேலன் தன் பிள்ளைகளோடு விடுதலையாகித் தன் குலத்தாரிடம் போக வேண்டும். இதற்கு இறைவன் காட்டும் காரணம்தான் முக்கியம்: எகிப்திலிருந்து நான் மீட்டவர்களை வேறு எவரும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்கிறார்.

ஆக, ஜூபிலி என்பது ஆண்டுக் கணக்கல்ல; கடன் கணக்கு. எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று எண்ணுவதைவிட, எத்தனை பேர் விடுபட்டு வீடு திரும்பினர் என்று எண்ணுவதே மெய்யான ஜூபிலி. நம் ஆண்டவர் நாசரேத்தூர் செபக்கூடத்தில் இசையாஸ் இறைவாக்கினரின் ஏட்டை விரித்துச் சிறைப்பட்டோரின் விடுதலையைப் பற்றி வாசித்தபோது, அந்தக் கொம்பின் ஓசையையே மீண்டும் எழுப்பினார். அது அன்றே நிறைவேறுவதாகவும் சொன்னார்.

எதிலிருந்து? எதற்காக?

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் விடுதலையைப் பற்றிப் பேசுகிறார். நாம் விடுதலைக்கென்று அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். ஆனால் அந்த மூச்சிலேயே எச்சரிக்கையும் விடுக்கிறார்: அவ்விடுதலையைத் தன்னல ஆசைகளுக்குச் சாக்காக்கிக் கொள்ளாமல், அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்கிறார்.

விடுதலை பெற்றவன் ஊழியம் செய்வதா? இது முரண்பாடு போலத் தோன்றும். ஆழ்ந்து சிந்தித்தால் விளங்கும். எஜமானுக்கு அஞ்சி வேலை செய்பவன் அடிமை. தனக்கு மட்டுமே வேலை செய்பவன் தன் ஆசைக்கு அடிமை. அவனை ஓட்டும் எஜமான் அவனுக்குள்ளேயே இருக்கிறான். எவரும் வற்புறுத்தாமல், எந்த ஆதாயமும் கருதாமல் அடுத்தவனுக்காக எழுந்து நடப்பவனே உண்மையில் கட்டற்றவன். தாய் நள்ளிரவில் விழித்துப் பிள்ளைக்குப் பாலூட்டுகிறாள். யாரும் அவளை அடிமை என்று சொல்வதில்லை.

1941-இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவனுக்குப் பதிலாக முன்வந்து நின்றாரே மாக்ஸ்மிலியன் கோல்பே! அம்முகாமிலே துப்பாக்கி ஏந்தி நின்ற காவலர்களைவிட, கைதி உடையில் நின்ற அக்குருவே விடுதலை பெற்ற மனிதராய் இருந்தார். 1982-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பிலமோனுக்கு ஒரு கடிதம்

புதிய ஏற்பாட்டில் ஒரே அதிகாரமுள்ள சின்னஞ்சிறு திருமுகம் ஒன்று உண்டு. பிலமோனுக்குச் சின்னப்பர் எழுதியது. நாம் அதிகம் கவனிப்பதில்லை. பிலமோன் வசதி படைத்த கிறிஸ்தவர். அவர் வீட்டிலேயே சபை கூடும். ஒநேசிமு அவருடைய அடிமை. அவரை விட்டுப் போன அவன், சிறையிலிருந்த சின்னப்பரிடம் வந்து கிறிஸ்தவனானான். சின்னப்பர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். எப்படி? இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக அவனை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். அதோடு விட்டாரா? அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதும்படியும், தாமே தீர்ப்பதாகவும் தம் கைப்பட உறுதி எழுதுகிறார்.

கவனியுங்கள். சகோதரன் என்று சொல்வது எளிது. "அவன் கடன் என் கணக்கில்" என்று சொல்லும்போதுதான் அச்சொல்லுக்கு உயிர் வருகிறது.

இத்திருமுகத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தும், கிறிஸ்தவ நாடுகள் பல நூற்றாண்டுகள் அடிமை வாணிகம் செய்தன என்பது வரலாறு. அதை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. 1888-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் பிரேசில் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில் அடிமை முறையைக் கண்டித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அதை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களில் ஒன்றாகச் சேர்த்தது. நற்செய்தி நம் காதில் விழுவதற்கும் கையில் இறங்குவதற்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது!

நம் மண்ணில் முன்பணம்

அடிமை முறை எங்கோ, எப்போதோ இருந்தது என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் அடிமைத்தனத்திற்குச் சட்ட ஏற்பு 1843-லேயே நீக்கப்பட்டது. ஆனால் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அது தொடர்ந்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. எனினும் திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்களை இந்த நூற்றாண்டிலும் அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். மீட்கப்பட்டவர்களில் மிகப் பலர் இருளர் இன மக்கள்.

நடப்பது என்ன? ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு கலியாணம். கையில் காசில்லை. ஆலைக்காரரோ தரகரோ சில ஆயிரம் ரூபாய் முன்பணம் தருகிறார். குடும்பமே வேலைக்கு வருகிறது. இரவெல்லாம் நெல் அவிக்க வேண்டும். பகலில் களத்தில் காயவைத்துக் கிளற வேண்டும். கூலியில் ஒரு பகுதி கடனுக்கென்று பிடிக்கப்படும்; கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். ஊரில் திருவிழாவா, தாய்க்கு உடல்நலம் இல்லையா, ஒருவர் போனால் மற்றவர் ஈடாக இருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை. தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் ஏறும். காலிலே சங்கிலி இல்லை. நோட்டுப் புத்தகம்தான் சங்கிலி.

சட்டம் என்ன சொல்கிறது? இப்படிப்பட்ட கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. குடியிருக்கும் இடத்திலிருந்து விடுபட்டவரை வெளியேற்றக் கூடாது. தாம் கொத்தடிமை வைத்திருக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனை அடியோடு அழிக்கும் இந்தச் சட்டத்தில் மோயீசனின் கொம்போசை நமக்குக் கேட்கவில்லையா?

ஆனால் மீட்பது முதற்படிதான். 2016-இல் திருத்தப்பட்ட மறுவாழ்வுத் திட்டத்தின்படி ஆண் ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாயும், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 இலட்சம் ரூபாயும், கொடுமை மிகுந்த நிலையில் 3 இலட்சமும் உண்டு. எனினும் உடனே கைக்கு வருவது அதில் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி வழக்கின் முடிவைப் பொறுத்தது. இதற்கிடையில் மனையில்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, வேலையில்லை என்றால் அக்குடும்பம் எங்கே போகும்? மீண்டும் முன்பணத்திற்கே போகும். எகிப்தை விட்டு வெளியேறியவர்கள் பாலைவனத்தில் எகிப்தின் உணவை நினைத்து ஏங்கினார்களே, அதை நாம் கடிந்து பேசுகிறோம். பசியறிந்தவர்கள் அப்படிக் கடிந்து பேசமாட்டார்கள்.

2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் நம் மாவட்டத்தினரும் இருந்தனர். வறுமை ஒரு மனிதனை எத்தனை தூரம் இழுத்துச் செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாது வருடத்துப் பாடம்

நம் முன்னோர் இவ்வழியில் நமக்கு முன்னே நடந்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வட ஆர்க்காடு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது ஏறக்குறைய 450 கிராமும், ஓரணாவும் போதும் என்று 1877-இல் அரசு கணக்குப் போட்டது. அக்கணக்கில் உயிர்கள் உதிர்ந்தன.

அக்காலத்தில் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்தவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தராஸ் சுவாமி. சேரிகளிலும் குடிசைகளிலும் நிலமற்ற கூலிகளைத் தேடிச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். தாய்நாடு திரும்பாமல் 1916-இல் இம்மக்களிடையே உயிர் நீத்தார். சேத்துப்பட்டு லூர்து மாதா திருத்தலத்திற்கு நாம் திருயாத்திரை செல்லும்போதெல்லாம் அவருடைய உழைப்பின் கனியைத்தான் காண்கிறோம்.

அப்படிச் சேர்ந்தவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் செய்தோர் உண்டு. நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பசித்தவன் சோறு இருக்கும் இடத்திற்கு வந்தது குற்றமன்று. தன்னை மனிதனாக மதித்து வாசலில் அமர்த்தியவர்களோடு அவன் தங்கிவிட்டதும் வியப்பன்று. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சேவை தூண்டில் ஆகிவிடக் கூடாது. தூண்டில் போடுபவன் மீனை நேசிப்பதில்லை. விடுதலைக்கென்று செய்யும் உதவி, பெறுபவனையும் விடுதலையோடு விட்டுவைக்க வேண்டும்.

வேறு மலையின் அயலான்

நல்ல சமாரியன் உவமை நமக்கெல்லாம் தெரியும். அதில் ஒரு நுட்பம் இவ்வூர்க்காரர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். யூதர்கள் வழிபட்டது யெருசலேமில். சமாரியர் வழிபட்டது கெரிசீம் மலையில். ஆண்டவர் தம் மக்களுக்கு முன்மாதிரியாகக் காட்டியது வேறு மலையில் வழிபட்ட மனிதனை! ஆலயத்திற்குரிய குருவும் லேவியனும் விலகிப் போயினர், அவனோ நின்றான். எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். இங்கும் "கடன் என் கணக்கில்" என்ற அதே சொல்!

ஆகவே, கார்த்திகை தீபத்தன்று கால் வீங்கி நிற்கும் பக்தர், கிரிவலப் பாதையோரம் கையேந்தும் முதியவர், ஆலைக் களத்தில் நெல் கிளறும் இருளப் பெண் அனைவரும் நம் அயலாரே. அவர்களில் எத்தனையோ பேர் நமக்கு அயலாராய் இருந்து உதவியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, நம் வீட்டு நோட்டைத் திறப்போம். நம்மிடம் வேலை செய்பவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோமா? அதைக் காட்டி அவரை வேறிடம் போகாமல் தடுக்கிறோமா? அநியாய வட்டி வாங்குகிறோமா? ஜூபிலி ஆண்டில் ஒரு கடனையாவது கிழித்துப் போடுவோம். ஆயிரம் ரூபாய்க்கு வெடி வாங்குவதைவிட அதன் ஓசை விண்ணகத்தில் அதிகம் கேட்கும்.

இரண்டாவது, எங்கேனும் குடும்பங்கள் கட்டுண்டு கிடப்பது தெரிந்தால் வாய்மூடி இருக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தெரிவிக்கலாம். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்துள்ளது. தனியாளாய்ப் போக அஞ்சினால் பங்குப் பேரவையாகப் போவோம்.

மூன்றாவது, மீண்டு வந்தவர்களோடு நடப்போம். விடுதலைச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதித் தர நம் இளைஞர்கள் போதும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நம் ஆசிரியர்கள் போதும். 1833-இல் பாரிஸில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது இருபதுதான். ஏழையின் வீட்டுக்கு நேரில் போவதையே அவர் முதல் கடமையாக வைத்தார்.

நான்காவது, நமக்குள்ளே கட்டுகளை அவிழ்ப்போம். நற்கருணையில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, வெளியே வந்து சாதி கேட்கும் நாவுக்கு வெளியே உள்ளவனின் விடுதலையைப் பேச உரிமையில்லை.

அன்பார்ந்தவர்களே, கொடி இறங்கும், விளக்குகள் அணையும், பந்தல் பிரிக்கப்படும். நம் ஜூபிலியின் பெயரால் ஒரு குடும்பம் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, யாருக்கும் கடன்படாமல், தன் ஊர் நோக்கி நடக்குமானால், அதுவே இறைவனுக்கு ஏற்ற ஜூபிலி. நம்மை மீட்டவர் நம் கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். நாமும் பிறர் கடனை நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் துணிவை அவரே நமக்கு அருள்வாராக. ஆமென்.