வெட்கத்தில் கழியும் ஆறு மணி நேரம்

 

மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாகவில்லை என அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். நம் ஆண்பிள்ளைகளோ மறைவிடத்தில் வலி வந்தால் வாப்பாவிடமும் சொல்வதில்லை.

விதைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாண் முறுக்கிக்கொள்வதே விதைமுறுக்கு. 12 முதல் 18 வயதினரிடம் இது அதிகம். உறக்கத்திலும் வரலாம். ஒரு பக்கத்தில் திடீரெனக் கடும் வலி, வாந்தி, விதை மேலேறி நிற்றல் ஆகியன அறிகுறிகள். சிலருக்கு முன்னரே இவ்வலி வந்து தானாகத் தணிந்திருக்கும். அது சுகமன்று, எச்சரிக்கை. முறுக்கு அவிழ்ந்ததேயன்றிக் காரணம் நீங்கவில்லை.

ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் விதை பெரும்பாலும் காக்கப்படும். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் அகற்றவே நேரும். தீவுப்பகுதியில் தூரமும் சேர்கிறது. காரைநகர்ப் பிள்ளை நள்ளிரவு வலியை ஸுப்ஹு வரை மறைத்தால், பொன்னாலைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையுமுன்பே அவகாசம் தீர்ந்துவிடலாம். நெடுந்தீவாயின் குறிகட்டுவானுக்குப் படகும் வேண்டும்.

பெற்றோரே! பிள்ளை "வயிற்றுவலி" என்றுதான் சொல்வான். வெளிப்படையாகக் கேளுங்கள். எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்துக் காத்திராதீர்கள். (இதை அறியாத மூத்தவர்களும் அநேகர்.) நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள்.

2018 முதல் வட மாகாணத்திலும் இயங்கும் 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். வைத்தியர் முதலில் அதையே கேட்பார். மயக்கமருந்து தேவைப்படலாமாதலால், வழியில் உணவோ பானமோ கொடுக்க வேண்டாம்.