வாவிப் பாசிக்கு ஒரு சரியான பெயர்



நாவற்குடாவிலுள்ள எங்களுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. மாரி வெள்ளம் வந்தால் வாவியின் உவர்த்தன்மை குறையும். முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறினால் கூடும். குழாய் வடிவப் பச்சைப் பாசிகள் சில, உவர் குறைந்தால் கிளைவிடும். ஒரே இனம் இரண்டு தோற்றம் காட்டும்போது கண்ணை மட்டும் நம்பி இனம் பிரிக்க முடியாது.

1753இல் லின்னேயஸ், தாள் போன்ற பாசியையும் குழாய் போன்ற பாசியையும் உல்வா என்ற ஒரே சாதியில் வைத்தார். பின்வந்தோர் குழாய்ப் பாசியை எண்டரோமோர்பா எனத் தனிச் சாதியாக்கினர். 2003இல் ஆய்வாளர்கள் பச்சையவுருமணியிலுள்ள ஒரு பரம்பரை அலகையும் கருவிலுள்ள ஒரு டிஎன்ஏ பகுதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே சாதி என்று தெரிந்தது. லின்னேயஸ் சொன்னதே சரியாயிற்று.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. நோன்பு காலத்தில் காத்தான்குடியில் காய்ச்சும் கடற்பாசி, செம்பாசிகளிலிருந்து வருவது. வடக்கில் எங்கள் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸும் செம்பாசியே. பல நாடுகளில் பயிராகும் கப்பாபைகஸ் அல்வரேசியின் இழைமணி டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றே என 2006இல் கண்டார்கள். வித்து இவ்வளவு குறுகியதானால், ஒரு நோய் வந்தால் எல்லோருக்கும் நட்டம். அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை 2008இல் எழுதினார்கள். நாளை எங்கள் கரைக்கு ஒரு பாசி வந்தால், அது ஊர்ப் பாசியா, வந்த பாசியா என்று சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?

துரைரத்தினம் அவர்கள் 1961இல் இலங்கைக் கடற்பாசிகள் பற்றி நூலொன்று தந்தார். அந்த வழியை நாங்கள் தொடரலாம். சரியான பெயரும் இடமும் திகதியும் உள்ள மாதிரி இல்லாவிட்டால் டிஎன்ஏ வெறும் எழுத்துக் கூட்டம். ஆகவே நூற்றாண்டு நினைவாக ஒரு பாசித் தொகுப்பைத் தொடங்குவோம். மாரியிலும் கோடையிலும் எடுத்த பாசியைத் தாளில் ஒட்டி, பாரம் வைத்து உலர்த்துங்கள். ஒரு துண்டைச் சிலிக்கா ஜெல்லில் வையுங்கள். ஃபோமலினில் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். வந்தாறுமூலையில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாதிரியோடு போகும் மாணவிக்கு அங்கே கேட்க ஒரு கேள்வியும் இருக்கும்.

தாளும் பசையும் தருவது எங்கள் பொறுப்பு.