உயிர் காத்த வலை



அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் சுற்றுலா செல்பவர்கள் பார்க்காமல் திரும்பாத இடம் கோல்டன் கேட் பாலம். கடல் மூடுபனிக்கு நடுவே 227 மீட்டர் உயரத்துக்குச் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் 1,280 மீட்டர். 1964ஆம் ஆண்டு வரை உலகில் வேறெந்தத் தொங்கு பாலத்துக்கும் இவ்வளவு நீண்ட இடைவெளி இருந்ததில்லை.

பாலத்தின் நடைபாதையில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் கால் கூசும். சுமார் 67 மீட்டருக்குக் கீழே கடல். அந்த உயரத்தில் நின்று இரும்பை முடுக்கியவர்களின் கதைதான் பாலத்தின் உண்மையான வரலாறு.

கட்டுமானம் தொடங்கியது 1933 ஜனவரியில். பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய காலம் அது. அந்நாளில் அமெரிக்கக் கட்டுமானத் துறையில் ஒரு கணக்கு சொல்வார்கள். 10 லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பதே அந்தக் கணக்கு. அதன்படி, மூன்றரைக் கோடி டாலர் பாலத்துக்கு 35 பேர் பலியாக வேண்டும்!

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. உயரத்தில் வீரம் காட்டியவர்கள் வேலையை இழந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலத்தின் அடியில் ஒரு பெரிய வலை விரிக்கப்பட்டது. பாலத்தின் அகலத்தைவிட இருபுறமும் 3 மீட்டர் கூடுதலாக நீண்டிருந்த அந்த வலையின் விலை 1,30,000 டாலருக்கும் மேல். பெரிய தொகைதான். ஆனால் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால், நூறு டாலருக்கு அரை டாலர்கூட இல்லை.

அந்த வலையில் விழுந்து உயிர் பிழைத்தவர்கள் 19 பேர். நரகத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியவர்கள் என்று தங்களைத் தாங்களே வேடிக்கையாக அழைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள்.

ஆயினும் வலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1936 அக்டோபரில் ஒருவர் விபத்தில் இறந்தார். 1937 பிப்ரவரி 17ஆம் தேதி, பாலம் திறக்க மூன்று மாதமே இருந்தபோது, பாரமான சாரம் ஒன்று கழன்று வலையைக் கிழித்துக்கொண்டு கடலில் விழுந்தது. 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆக, பலியானவர்கள் மொத்தம் 11 பேர். 35ஐவிட 11 குறைவுதான். ஆனால் அந்த 11 குடும்பங்களுக்கு அது ஆறுதல் ஆகுமா?

அதே ஆண்டு மே மாதம் பாலம் திறக்கப்பட்டது. பின்னாளில், மனமுடைந்து அங்கே உயிரை மாய்த்துக்கொள்ள வருபவர்களைத் தடுக்கவும் ஒரு வலை தேவைப்பட்டது. உறவுகளை இழந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, அந்த எஃகு வலை 2024ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது.

பாதுகாப்புக்குச் செலவிடுவது வீண் என நினைக்கும் முதலாளிகளும், 'இரண்டு நிமிட வேலைதானே' என்று பாதுகாப்பு வாரை மாட்டாமல் மேலே ஏறும் தொழிலாளர்களும் அந்த 19 பேரை எண்ணிப் பார்க்க வேண்டும். மாலையில் அவர்கள் வீடு திரும்பியதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. முன்கூட்டியே ஒருவர் யோசித்து விரித்து வைத்த வலை.