இரும்புப் பெட்டிக்கு எந்தப் பூட்டு?

தியாகராய நகரில் நகை வாங்குவோர் பலர் அதை வைத்துக் காக்க இரும்புப் பெட்டியும் தேடுகின்றனர். சாவிப் பூட்டா, மின்னணு எண் பூட்டா என்பதே அவர்களது ஐயம்.

ஆறு இலக்கங்களால் அமையும் எண்கள் 10 லட்சம். நம்மவரோ பிறந்த தேதியையன்றோ வைக்கின்றனர்! ஒரு நூற்றாண்டின் நாட்கள் ஏறத்தாழ 36,500 தாம். தவறான எண்ணைச் சில முறை அழுத்தினால் பூட்டுகள் பல சற்று நேரம் இயங்க மறுக்கும். ஆயினும் வீட்டாரின் பிறந்த நாட்களை அறிந்தவனுக்கு அச்சில முறையே போதும். சாவிக்கும் இதே கதிதான். அரிசிப் பானையையும் சுவாமி படத்தின் பின்புறத்தையும் திருடன் பாராமல் விடுவானா? ஆனால் எண் வெளிப்பட்டால் உடனே மாற்றிவிடலாம்; சாவி களவு போனால் பூட்டையே மாற்ற வேண்டும். இவ்வகையில் எண் பூட்டே மேல்.

எனினும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்து வீடுகளுள் புகுந்ததை மறத்தல் இயலுமா? மின்தடையால் எண் பூட்டுக்குத் தீங்கில்லை. அது மின்கலத்தால் இயங்குவது. நீரில் மூழ்கினாலோ உள்ளிருக்கும் மின்சுற்று பழுதாகக்கூடும். ஆற்றங்கரையை அடுத்துத் தரைத்தளத்தில் வசிப்போர் சாவிப் பூட்டையே கொள்க. மாடியில் வசிப்போர் எண் பூட்டை வாங்கலாம். ஆண்டுக்கொருமுறை மின்கலத்தை மாற்றுக. அதனுடன் தரப்படும் அவசரச் சாவியை மட்டும் அப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வங்கிப் பெட்டகத்திலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.